ஒரு பானை சோற்றுக்கு மூன்று சோறு போதாது

ஃபீனிக்ஸில் என்னோடு சுடும் தம்பி ஒருவர் கேட்டது இது: “அண்ணா, 6.5 கிரீட்மோர் ரைஃபிளுக்கு நானே காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா நிரப்ப ஆரம்பித்தேன். வெடிமருந்தை 0.2 கிரெய்ன் (மருந்து நிறுக்கும் சிற்றெடை) வீதம் ஏற்றி 15 அளவுகள் எடுத்துக்கொண்டு, அளவுக்கு 3 தோட்டா செய்து 100 கஜத்தில் சுட்டேன். பதினாலு குரூப் (ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுட்ட குண்டுகளின் கொத்து) சுமார்தான். ஒன்று மட்டும் 0.25 எம்.ஓ.ஏ., அதாவது ஏறத்தாழ கால் அங்குலம். அதையே பிடித்துக்கொண்டேன். குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் 5 தோட்டா பார்த்ததில் எஸ்.டி. (வேகத்தின் ஏற்ற இறக்கம்) நொடிக்கு 6 அடி வந்தது. அதே தோட்டாவை 1000 கஜத்துக்கு எடுத்துப் போனால் 20 குண்டும் மேலும் கீழுமாக 17 அங்குலம் சிதறிவிட்டன. எங்கே தப்பு? தராசை மாற்றவா, கூட்டைச் சூடாக்கி இளக்கும் அனீலிங் மெஷின் வாங்கவா, மருந்தையே மாற்றவா?”

காசு செலவழிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பி. அந்த 0.25 குரூப் நீங்கள் கண்டுபிடித்தது இல்லை. அது தானாக விழுந்தது. 15 அளவுகளுக்குப் பதில் ஒரே அளவில் 45 தோட்டா நிரப்பி, மூன்று மூன்றாகப் பிரித்துச் சுட்டிருந்தாலும் அதில் ஒரு குரூப் அழகாக வந்திருக்கும், ஒன்று கேவலமாக வந்திருக்கும். மூன்று குண்டுக் குரூப்புகள் அப்படித்தான். எல்லாம் ஒரே தோட்டாவாக இருந்தாலும், பதினைந்தில் சிறியதற்கும் பெரியதற்கும் நாலு மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் அது சோற்றுக்குப் பொருந்தும். ஒரே கொதிநீரில் கிடந்த அரிசி ஒன்றைப்போல் ஒன்று வேகும். குண்டுகள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிதறுகிறது.

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். முதல் இரண்டு வருஷம் ஒவ்வொரு மாதமும் ஒரு ‘நோட்’, அதாவது ரைஃபிளுக்குப் பிடித்த மருந்தளவு, கண்டுபிடித்தேன். அடுத்த மாதம் அது காணாமல் போகும். குழல் தேய்ந்துவிட்டது, வெயில் மாறிவிட்டது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறிவிட்டது என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு புதிதாகத் தேடுவேன். ஒரு நாள் சலிப்பில், எல்லாம் ஒரே அளவாக 30 தோட்டா நிரப்பி, பத்து மூன்று-குண்டுக் குரூப்பாகச் சுட்டுப் பார்த்தேன். அந்தப் பத்துத் தாளையும் மேசையில் பரப்பினால், பத்து வெவ்வேறு மருந்தளவைச் சோதித்த தாள்களைப் போலவே இருந்தது. அன்றோடு நோட் தேடுவதை விட்டேன்.

எஸ்.டி. கதையும் இதேதான். பள்ளியில் திட்ட விலக்கம் என்று படித்தோமே, அதுதான்: வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு. 5 தோட்டாவில் 6 வந்தது என்றால், உண்மையான எஸ்.டி. நொடிக்கு 3.6 அடியிலிருந்து 17 அடி வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்லக்கூடியது அவ்வளவுதான். 10 தோட்டா சுட்டால் 4-லிருந்து 11 வரை என்று குறுகும். 30 சுட்டால் ஏறத்தாழ 5-லிருந்து 8 வரை. மூன்று தோட்டாவில் எஸ்.டி. கணக்குப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் உண்மையான அளவு நீங்கள் பார்த்ததைப்போல் ஆறு மடங்கு வரை இருக்க முடியும். அதற்கு ஜோசியம் மேல்.

போன சனிக்கிழமை உங்கள் மீதித் தோட்டாக்களை என் குரோனோகிராஃபில் வைத்துச் சுட்டோமே, எஸ்.டி. 14 வந்தது, ஞாபகம் இருக்கிறதா? முகம் சுருங்கிவிட்டது உங்களுக்கு. உங்கள் 17 அங்குலத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் முழுக்க அங்கே இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1 எம்.ஓ.ஏ. என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம், 1000 கஜத்தில் பத்தரை அங்குலம். நாம் சுடும் எஃப்-கிளாஸ் (ரைஃபிளைத் தாங்கியில் வைத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டி) இலக்கில் 10 மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். உங்கள் 15 குரூப்புகளின் சராசரி 0.65 எம்.ஓ.ஏ. என்று காட்டினீர்கள். உங்கள் ரைஃபிளைப் பற்றி ஏதாவது சொல்வது அந்தச் சராசரிதான், 0.25 இல்லை. மூன்று குண்டுக் குரூப்பின் சராசரி 0.65 என்றால், இருபது குண்டுக் குரூப் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். இது ரைஃபிளின் குற்றம் இல்லை. அதிகம் சுட்டால் ஓரத்தில் விழுபவையும் கணக்கில் சேருகின்றன, அவ்வளவுதான். இந்த 0.65-ஐ மேல்-கீழ் விலக்கமாக மாற்றினால் 1000 கஜத்தில் எஸ்.டி. ஏறத்தாழ 2.8 அங்குலம். ரைஃபிள், குண்டு, உங்கள் கை, மூன்றும் சேர்ந்து செய்வது இது.

அடுத்து வேகம். 140 கிரெய்ன் வகைக் குண்டு நொடிக்கு 2700 அடியில் கிளம்பினால், வேகத்தில் 10 அடி வித்தியாசம் 1000 கஜத்தில் சுமார் இரண்டரை அங்குலம் ஏற்றியோ இறக்கியோ விடும். அப்படியானால் எஸ்.டி. 14 என்பது 3.5 அங்குலம். இந்த 2.8-ஐயும் 3.5-ஐயும் அப்படியே கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கண்டுபிடிப்பதுபோல் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4.5 வரும். இருபது குண்டுகளில் மேலே விழுந்ததற்கும் கீழே விழுந்ததற்கும் இடையே உள்ள தூரம் சராசரியாக எஸ்.டி.யைப்போல் 3.7 மடங்கு. 4.5-ஐ 3.7-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 17 அங்குலம். நீங்கள் அளந்ததும் அதுதான்.

இனி சுவாரசியமான இடம். எஸ்.டி.யை 14-லிருந்து 8-க்குக் கொண்டுவந்தால் 17 அங்குலம் 13 ஆகும். நாலு அங்குலம் லாபம். 8-லிருந்து 5-க்குக் கொண்டுவந்தால் பதினொன்றரை. லாபம் ஒன்றரை அங்குலம்தான். சாமி வரம் கொடுத்து எஸ்.டி. பூஜ்யமே ஆனாலும் பத்தரை அங்குலம் மிச்சம் இருக்கும், ஏனென்றால் அந்த 2.8 எங்கேயும் போகவில்லை. பலர் எஸ்.டி.யை 5-லிருந்து 4 ஆக்க ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டுகிறார்கள். அதே காசுக்கு நல்ல குழல் ஒன்றும் நல்ல குண்டு நாலு பெட்டியும் வாங்கியிருந்தால் அந்த 2.8 குறைந்திருக்கும். எனவே முதலில் 14-ஐ 8 ஆக்குவோம். அது சுலபம். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம், ஒழுங்கு போதும்.

கொஞ்சம் விலகிப்போய் ஒரு கதை. உங்கள் தோட்டாவின் பெயரில் இருக்கும் கிரீட்மோர் என்பது நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த சுடுகளம். 1874 செப்டம்பர் 26-ல் அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜங்களில் மோதின. அணிக்கு ஆறு பேர், ஒவ்வொரு தூரத்திலும் ஆளுக்கு 15 குண்டு. ஐரிஷ்காரர்கள் குழல் வாய்வழியே மருந்து திணிக்கும் ரிக்பி ரைஃபிள்களோடு வந்தார்கள். அமெரிக்கர்கள் கையில் பின்பக்கம் நிரப்பும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. பின்பக்கம் நிரப்புவதே மேல் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று பலர் பேசினார்கள். ஆனால் மில்னர் என்ற ஐரிஷ் வீரர் ஒரு குண்டைத் தவறுதலாகப் பக்கத்து இலக்கில் சுட்டிருந்தார். நட்ட நடுவில் பட்டும் அதற்குப் பூஜ்யம்தான் கிடைத்தது. தன் இலக்கில் அடித்திருந்தால் 4. அந்த 4 சேர்ந்திருந்தால் 935-க்கு 934 என்று அயர்லாந்து ஜெயித்திருக்கும், பேச்சும் தலைகீழாகியிருக்கும். பின்பக்கம் நிரப்புவதுதான் கடைசியில் நிலைத்தது, அது வேறு விஷயம். அன்றைய மூன்று புள்ளி அதை நிரூபிக்கவில்லை. உங்கள் 0.25 குரூப்பும் அதே ரகம். (அந்த இடம் இன்று குயின்ஸ் பகுதியில் ஒரு மனநல மருத்துவமனை. நோட் தேடி அலையும் நம்மவர்கள் இதை வைத்துச் செய்யும் கேலியைச் சொல்ல வேண்டியதில்லை.)

சரி, 14-க்கு வருவோம். உங்கள் பித்தளைக் கூடுகளைப் பார்த்தேன். மூன்று கம்பெனிக் கூடுகள் கலந்து கிடந்தன. பாதி நீங்கள் சுட்டவை, மீதி களத்தில் பொறுக்கியவை. முதல் திருட்டு அங்கேதான். கூட்டின் வெளி அளவு ஒன்றாக இருந்தாலும் சுவரின் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் அதே மருந்து அதிக அழுத்தத்தில் எரியும், வேகம் கூடும். வேகம் மட்டும் என்றால் பரவாயில்லை, அழுத்தம் கூடுவது ஆபத்தும்கூட. ஒரே கம்பெனி, ஒரே லாட், 100 கூடு வாங்குங்கள். லபுவா, ஆல்ஃபா, பீட்டர்சன், எதுவானாலும் சரி. ஒன்று கவனம்: 6.5 கிரீட்மோர் கூடுகளில் சிறிய பிரைமருக்கானதும் உண்டு, பெரிய பிரைமருக்கானதும் உண்டு. கூட்டுக்குப் பொருந்தாத பிரைமர் வாங்கி வைத்துவிட்டு முழிக்காதீர்கள். அந்த நூறையும் ஒன்றாகவே சுடுங்கள், ஒன்றாகவே நிரப்புங்கள், எத்தனை முறை சுட்டது என்று பெட்டிமேல் எழுதுங்கள். முதல் முறை சுட்டதும் ஏழாம் முறை சுட்டதும் ஒரே பெட்டியில் கலந்தால் மறுபடியும் பழைய கதைதான்.

அடுத்தது டை, சுட்ட கூட்டைப் பிரஸ்ஸில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு. சுட்ட கூடு சேம்பரின் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) வடிவத்துக்கு வீங்கியிருக்கும். அதன் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் இடம்) 0.002 அங்குலம் மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். நீங்கள் டையைப் பிரஸ்ஸோடு முட்டும்வரை திருகி, தோளை 0.008, 0.009 அங்குலம் தள்ளியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் அவ்வளவு தள்ளினால் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலிந்து, ஒரு நாள் கூடு இரண்டாகப் பிரியும். தோள் இருக்கும் இடத்தை அளக்கும் கம்பாரேட்டர் ஒன்று வாங்கி, தள்ளும் முன்னும் பின்னும் அளந்து டையைத் திருகுங்கள். அந்தக் கம்பாரேட்டர் நாற்பது ஐம்பது டாலர். உங்கள் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும்விட அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

கழுத்து இன்னும் நுட்பமான இடம். குண்டைக் கழுத்து எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பது எல்லாத் தோட்டாவிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கழுத்தின் உள் விட்டம் குண்டைவிட 0.002 அங்குலம் சிறிதாக இருந்தால் பொதுவாகப் போதும். டையோடு வந்த உருண்டையை இழுத்துக் கழுத்தை விரிப்பதற்குப் பதில், கடைசியில் மேண்ட்ரல் என்ற உருளைக் கம்பி ஒன்றை மேலிருந்து உள்ளே செலுத்தி விரித்தால் கழுத்து நேராக நிற்கும். உள்ளே கொஞ்சம் கிராஃபைட் தடவுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று கழுத்தின் உட்புறத்தைப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். குண்டை அமர்த்தும்போது அதன் செம்பு உறை வெறும் பித்தளையோடு உரசி ஒட்டும். கொஞ்சம் கரி இருப்பதே நல்லது.

அனீலிங் கேட்டீர்கள். பித்தளையைத் தட்டத் தட்ட இறுகும் என்பது நம் ஊர்க் கன்னாரைக் கேட்டால் தெரியும். தகட்டைத் தட்டிக்கொண்டே இருந்தால் விரிசல் விடும் என்று நடுநடுவே காய்ச்சி இளக வைப்பார். கூட்டின் கழுத்தும் சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது. ஐந்தாறு முறையில் இறுகிப்போய், எவ்வளவு சுருக்கினாலும் கொஞ்சம் திரும்ப விரிகிறது. அதுவும் ஒவ்வொரு கூட்டிலும் ஒவ்வொரு அளவில். கழுத்தையும் தோளையும் மட்டும் சில வினாடி சூடாக்கினால் பித்தளை மறுபடி இளகும். நியூசிலாந்தில் செய்யும் ஏ.எம்.பி. இண்டக்‌ஷன் மெஷின் இதை அழகாகச் செய்கிறது, விலையும் அப்படியே. உங்களுக்கு இப்போது தேவையில்லை. களத்து நண்பர்களிடம் இருக்கிறது, நாலு முறை சுட்டபின் ஒரு மாலை போய்ச் செய்துகொள்ளுங்கள். அடிப்பக்கத்தை மட்டும் சூடாக விடக் கூடாது. அழுத்தத்தைத் தாங்கும் இடம் அது, இளகினால் உயிருக்கு ஆபத்து.

மருந்து நிறுப்பது. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு, 1 கிரெய்ன் 65 மில்லிகிராம். நம் தட்டார் தராசில் வைக்கும் குன்றிமணியில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். நீங்கள் பயன்படுத்தும் குச்சி வடிவ மருந்தில் ஒரு துகளே ஏறத்தாழ 0.02 கிரெய்ன். உங்கள் தோட்டாவில் 0.1 கிரெய்ன் வித்தியாசம் நொடிக்கு 5, 6 அடி வேகத்தை மாற்றும். நீங்கள் கொள்ளளவு பார்த்துக் கொட்டும் அளவுக் குப்பியில் நிரப்பியிருக்கிறீர்கள். குச்சி மருந்துகள் அதில் சிக்கி, ஒரு தடவை 0.2 கூடவும் ஒரு தடவை 0.2 குறையவும் விழும். இரண்டாவது திருட்டு இது. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தால் போதும். 0.1 கிரெய்ன் காட்டும் சாதாரண எலெக்ட்ரானிக் தராசு 14-ஐ 8 ஆக்கப் போதுமானது. 0.02 காட்டும் தராசு நல்லதுதான், என்னிடமும் இருக்கிறது. அது எனக்கு மன நிம்மதி தருகிறது என்பது உண்மை. அதனால் இலக்கில் எத்தனை புள்ளி கூடியது என்று கேட்காதீர்கள்.

மருந்தை மாற்ற வேண்டாம். நீங்கள் வைத்திருக்கும் ஹாட்ஜ்டன் எச் 4350 ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் முல்வாலா ஆலையில் தயாராவது. அங்கே அதையே ஏ.ஆர். 2209 என்று விற்கிறார்கள். வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்து என்பதுதான் அதன் பெருமை. ஃபீனிக்ஸில் இருந்துகொண்டு இதை விடக் கூடாது. பிப்ரவரியில் நம் ஊர் பென் ஏவரி சுடுகளத்தில் சவுத்வெஸ்ட் நேஷனல்ஸ் போட்டி நடக்கும்போது காலையில் கை விறைக்கும், ஜூலையில் அதே களம் 110 ஃபாரன்ஹீட். வெப்பம் ஒரு பாகை ஏறினால் வேகம் ஒரு அடிக்கும் மேல் ஏறும் மருந்துகள் உண்டு. அப்படி ஒன்றைக் குளிரில் உச்ச அளவுக்கு நிரப்பி, கோடையில் சுட்டால் இலக்கில் மட்டுமல்ல, ரைஃபிளிலும் பிரச்சினை வரும். எந்த மருந்தானாலும் தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவைப் போட்டுவிட்டுக் காற்றுக்காக ஒரு நிமிஷம் காத்திருந்தால் அந்தத் தோட்டாவும் வெந்துவிடும். போட்டால் சுடுங்கள், காத்திருப்பதானால் வெளியே எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு மருந்து என்று ஒரு எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் ரைஃபிளுக்குச் சாதாரணமான அளவு உங்கள் ரைஃபிளில் அபாயமாக இருக்கலாம். சேம்பர் மாறும், கூடு மாறும், மருந்து லாட் மாறும். மருந்துக் கம்பெனியும் குண்டுக் கம்பெனியும் வெளியிடும் கையேட்டில் தொடக்க அளவு இருக்கும், அங்கிருந்து ஏறுங்கள். 6.5 கிரீட்மோருக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் அழுத்தம் அது, மறக்க வேண்டாம். போல்ட்டை (ரைஃபிளின் பின்பக்கத் தாழ்ப்பாள்) தூக்கக் கஷ்டமானாலோ, கூட்டின் அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் முள்) பதிந்த அச்சு பளபளத்தாலோ அங்கேயே நிறுத்தி, மிச்சத் தோட்டாவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவிடுங்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்கட்டும். மருந்து ஊற்றும்போது ஃபோன் பக்கத்து அறையில். நிரப்பிய எல்லாக் கூட்டிலும் டார்ச் அடித்து மட்டம் பார்த்த பிறகுதான் குண்டு. உச்ச வேகம் நமக்குத் தேவையே இல்லை. நொடிக்கு 50 அடி அதிகம் கிடைத்தால் காற்றில் மிச்சமாகும் அங்குலம் கொஞ்சம்தான், தேய்வதோ குழல். இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். நான் பேசுவது அமெரிக்காவில் சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கைப் பற்றி.

பிரைமரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழியின் அடியைத் தொடும்வரை, எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் அமர்த்துங்கள். பிரைமரை எடைபோட்டுப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

குண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு, ஆனால் அதற்குத்தான் ஆட்கள் குறைவாக யோசிக்கிறார்கள். .308-க்கு சியரா 168 கிரெய்ன் மேட்ச்கிங் என்று புகழ்பெற்ற குண்டு ஒன்று உண்டு. 300 மீட்டர் போட்டிக்காகச் செய்தது, அங்கே அருமையாகப் போகும். 1000 கஜத்துக்கு எடுத்துப்போனால் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் அதன் பின்பக்கச் சரிவு காலை வாரிவிடும், குண்டு தள்ளாடும். இலக்கில் குறுக்காகப் பட்ட ஓட்டைகூடப் பார்த்திருக்கிறார்கள். 100 கஜத்தில் எவ்வளவு சிறிய குரூப் வைத்தாலும் இது தெரியாது. உங்கள் 140 கிரெய்ன் குண்டு 1000 கஜத்தில் ஒலியைவிட வேகமாகத்தான் போகிறது, அந்தக் கவலை இல்லை. ஒரே லாட்டில் 500 வாங்கி வையுங்கள், போதும்.

குண்டை எவ்வளவு ஆழத்தில் அமர்த்துவது என்பதை நான் நம்புகிறேன். சில குண்டுகளில் அது உண்மையிலேயே தெரியும். மூக்கு நீண்ட வி.எல்.டி. வகை இதில் அடம் பிடிக்கும். ஹைப்ரிட் வகைகளும் பழைய உருண்டை மூக்குகளும் அவ்வளவு அலட்டாது. ஆனால் 0.003 அங்குலம் வீதம் நகர்த்தி மூன்று மூன்றாகச் சுடுவது மறுபடியும் சோழி உருட்டுவதுதான். குண்டு ரைஃப்ளிங்கை (குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள்) தொடும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால் 0.020, 0.050, 0.080 அங்குலம் என்று பெரிய தாவல் (ரைஃப்ளிங்கைத் தொடுமுன் குண்டு கடக்கும் இடைவெளி) வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துச் சுடுங்கள். ஒன்று தெளிவாகக் கெட்டதாக இருந்தால் அதை விடுங்கள். மிச்சம் இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் எது வசதியோ அது. நீளத்தைக் குண்டின் நுனியிலிருந்து அளக்காதீர்கள். நுனி ஒன்றுக்கொன்று மாறும், கம்பாரேட்டரை மூக்கின் வளைவில் வைத்து அளக்க வேண்டும். ரைஃப்ளிங்கின் தொடக்கம் சுடச்சுடத் தேய்ந்து முன்னே நகரும். அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். குரூப் கெட்டால் அப்போது பார்க்கலாம்.

“அப்படியானால் லாடர் டெஸ்ட் எல்லாம் பொய்யா?” என்று அன்றே கேட்டீர்கள். மருந்தளவைப் படிப்படியாக ஏற்றிச் சுட்டு, குண்டுகள் ஒரே உயரத்தில் விழும் அளவைத் தேடும் முறை அது. கிரெய்ட்டன் ஆடெட் சொன்ன அந்த முறைக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் பொய் இல்லை. சுடும்போது குழல் அதிரும். குழல் மேல்நோக்கி ஆடும் நேரத்தில் குண்டு வெளியேறினால், மெதுவாக வருவது கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் மேலே பார்த்த குழலிலிருந்து கிளம்பும். வேகக் குறைவால் விழும் அளவை அந்த ஏற்றம் ஈடுகட்டும். பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள்கள் கிட்டத்தில் சுமாராகவும் 900, 1000 கஜத்தில் ஆச்சரியமாக நன்றாகவும் சுட்டதற்கு இதுதான் காரணம் என்பார்கள். ஆனால் அதைப் பத்துத் தோட்டாவில், அதுவும் 100 கஜத்தில், கண்டுபிடித்துவிட்டேன் என்பதைத்தான் நான் நம்பவில்லை. குரோனோகிராஃபில் வேகம் ஏறாமல் ‘சமமாக’ நிற்கும் இடத்தைத் தேடும் முறையை அதைவிடவும் நம்புவதில்லை. எஸ்.டி. 10 இருக்கும் தோட்டாவில் அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒரே வேகம் காட்டுவது வெறும் தற்செயல். குண்டும் தோட்டாவும் செய்யும் ஹார்னடி கம்பெனியின் பொறியாளர்களே, நிலத்தடிச் சுடுகூடத்தில் காற்று இல்லாமல் சுடும் வசதி உள்ளவர்கள், நம் குரூப்புகள் மிகச் சிறியவை என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். நோட் விற்றுப் பிழைப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

1000 கஜத்தில் மேல்-கீழ் சிதறல் பெரும்பாலும் உங்கள் மேசையிலிருந்து வருகிறது, இடம்-வலம் சிதறல் காற்றிலிருந்து. மணிக்கு ஒரு மைல் குறுக்குக் காற்றைத் தப்பாகக் கணித்தால் உங்கள் குண்டு 6, 7 அங்குலம் தள்ளிப் போகும். அதாவது 10 வளையத்தின் நடுவில் வைத்த குண்டு 9-க்குப் போகும். அன்றைய உங்கள் இலக்கை மறுபடி பாருங்கள்: மேல்-கீழ் 17 அங்குலம், இடம்-வலம் 24. தோட்டாவை எவ்வளவு கடைந்தாலும் அந்த 24 அப்படியேதான் இருக்கும். பென் ஏவரியில் காலையில் காற்றுக் கொடிகள் தூங்கும், பத்து மணிக்கு மேல் கானல் கொதிக்க ஆரம்பித்தபின் காற்று நிமிஷத்துக்கு ஒரு முறை திசை மாறும். அந்த நேரத்தில் சுட்டால்தான் காற்றுப் படிக்க வரும்.

இன்னொரு கணக்கு. 6.5 கிரீட்மோர் குழல் போட்டித் தரத்தில் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் குண்டு வரை தாங்கும். உங்களுடையதில் ஏற்கெனவே 600 போய்விட்டது, அதில் 400 தோட்டா ‘சோதனை’. நல்ல சோதனைக்கு நிறையச் சுட வேண்டும் என்றும், குழலை வீணாக்காதே என்றும் ஒரே மூச்சில் சொல்கிறேனே என்று தோன்றும். அதனால்தான் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேன். 15 அளவு வேண்டாம். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து அளவுக்கு ஒரு தோட்டா ஏற்றிப் போய், அழுத்த அறிகுறி எதுவும் இல்லாத, உச்சத்துக்கு நன்றாகக் கீழே ஒரு வேகத்தில் நில்லுங்கள். அந்த ஒரு அளவில் 30.

அடுத்த சனிக்கிழமைக்கு அதுதான் வேலை. புதுக் கூடு 30, எல்லாம் தராசில் நிறுத்தது, 0.020 தாவல். மூன்று தாளில் பத்துப் பத்தாகச் சுடுங்கள். முப்பதும் குரோனோகிராஃபில் பதியட்டும். கை ஆடிவிட்டது, ஃப்ளையர் (தனியே தப்பிப் போன குண்டு) என்று ஒன்றைக்கூடக் கழிக்கக் கூடாது, தாளைப் பார்க்கும் முன்பே ‘இது போச்சு’ என்று வாய்விட்டுச் சொன்னதைத் தவிர. முப்பது வேகத்தையும் தாளின் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். எஸ்.டி. 10-க்குக் கீழே இருந்தால் தோட்டா வேலை முடிந்தது, கடையை மூடிவிட்டுக் காற்றைப் பார்க்கப் போகலாம். மேலே இருந்தால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் டையையும் தராசையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தோள் அளவிலிருந்து மறுபடி தொடங்குவோம். அண்ணி தோசை வார்ப்பாள்.